கால் கேட்ட மீன்

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கிய ‘போன்யோ’ 2008 ஜூலை 19 அன்று ஜப்பானில் வெளியானது. தயாரித்தது ஸ்டூடியோ ஜிப்லி. ஓடும் நேரம் 101 நிமிடம். கடலில் வாழும் ஒரு சிறு மீன் ஐந்து வயதுப் பையன் ஒருவனைச் சந்திக்கிறது. அவனோடு இருக்க ஆசைப்பட்டு, கையும் காலும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. அந்த ஆசை பலிக்கிறது. அதனால் கடலும் நிலவும் நிலைகுலைகின்றன. கதை இவ்வளவுதான். டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837-இல் வெளியிட்ட கடற்கன்னிக் கதைதான் இதற்கு வித்து. ஆனால் ஆண்டர்சன் கதையில் இல்லாத ஒன்று இந்தப் படத்தில் உண்டு. இதில் வரும் மந்திரம் ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்த்தால் அடியில் இயற்கை வரலாற்றின் ஓர் உண்மை கிடக்கிறது. மீனுக்குக் கால் முளைப்பது, பழங்கால மீன்கள் திரும்பி வருவது, நிலவு நெருங்கி வருவது ஆகிய மூன்றும் பூமியில் உண்மையாகவே நடந்தவற்றின் குழந்தை வடிவங்கள்.

படத்தின் களம் செங்குத்தான பாறை முகட்டில் நிற்கும் ஒரு வீடும், அதன் கீழே ஒரு துறைமுகச் சிற்றூரும். பையன் பெயர் சோசுகே. தாய் லீசா முதியோர் பகல் காப்பகத்தில் வேலை செய்கிறாள். தந்தை கொய்ச்சி கப்பல் தலைவர். மீனின் தந்தை ஃபுஜிமோட்டோ ஒரு காலத்தில் மனிதனாக இருந்து, மனிதரை வெறுத்துக் கடலுக்குள் போன மந்திரவாதி. தாய் கிரான்மமாரே கடலின் தெய்வம். மகளுக்குத் தந்தை வைத்த பெயர் புரூன்ஹில்டே. ஜெர்மன் இசைமேதை வாக்னரின் இசை நாடகத்தில் தந்தை சொல்லை மீறித் தெய்வத்தன்மையை இழக்கும் மகளின் பெயர் அது. ‘போன்யோ’ என்பது சோசுகே வைத்த பெயர். தந்தை வைத்த பெயரைத் தள்ளிவிட்டுப் பையன் வைத்த பெயரையே அவள் எடுத்துக்கொள்கிறாள்.

மியாசாகி 2005-இல் ஹிரோஷிமா மாகாணத்தின் டோமோனோவுரா என்ற கடலோர ஊரில் தங்கியிருந்தார். படத்தின் ஊர் அங்கிருந்துதான் பிறந்தது. ஜப்பானின் உள்நாட்டுக் கடலான செத்தோவின் நடுப்பகுதியில் அந்த ஊர் இருக்கிறது. கிழக்கு வாயில் வழியாகவும் மேற்கு வாயில் வழியாகவும் உள்ளே ஏறும் ஓதம் அந்த ஊருக்கு அருகில்தான் சந்திக்கிறது. வற்றும்போது இருபுறமும் பிரிந்து ஓடுகிறது. பாய்மரக் காலத்தில் கப்பல்கள் ஏறுநீரோடு அங்கே வந்து சேரும். நீர் திரும்பும் வரை நங்கூரமிட்டுக் காத்திருக்கும். வற்றும் நீரோடு புறப்பட்டுப் போகும். ‘ஓதத்துக்குக் காத்திருக்கும் துறை’ என்றே அதற்குப் பெயர். நிலவு கடலை இழுக்கும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமைவது அரிது.

சோசுகேயின் வயது ஐந்து என்பது தற்செயலாக அமைந்ததன்று. ஆசைப்பட்டால் நடக்கும் என்ற நம்பிக்கை மனித வாழ்வில் வலுவாக இருக்கும் வயது அதுதான். குழந்தைகளுக்கு நினைப்புக்கும் நிஜத்துக்கும் வேறுபாடு தெரியாது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அதைத் திருத்தின. மனதில் நினைத்த பிஸ்கட்டைத் தொட முடியாது, தின்ன முடியாது, அடுத்தவருக்குக் காட்ட முடியாது என்று மூன்று வயதுக் குழந்தைக்கே தெரியும். டெக்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர் ஜாக்குலின் வூலியும் அவருடைய குழுவினரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமானது. வெறுமனே நினைப்பது வேறு, வேண்டிக்கொள்வது வேறு என்று சிறு குழந்தைகள் பிரித்துப் பார்க்கிறார்கள். நினைத்தால் நடக்காது, ஆனால் முறையாக வேண்டிக்கொண்டால் நடக்கக்கூடும் என்பது அவர்கள் கணக்கு. வயது ஏற ஏற அந்த நம்பிக்கை தேய்கிறது.

பிரிட்டிஷ் உளவியலாளர் பால் ஹாரிஸ் 1991-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைக் கண்முன் நிறுத்துகிறது. நான்கு வயது, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு காலிப் பெட்டி காட்டப்பட்டது. அதற்குள் ஒரு முயலோ ஒரு பூதமோ இருப்பதாகப் பாவனை செய்யச் சொன்னார்கள். பெட்டி காலி என்று குழந்தைகள் தெளிவாகவே சொன்னார்கள். பிறகு ஆய்வாளர் அறையை விட்டு வெளியே போனார். தனியே விடப்பட்ட குழந்தைகளில் பலர் எழுந்துபோய் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். பூதம் என்று பாவனை செய்த சின்னவர்களில் சிலர் ஆய்வாளரை வெளியே போகவே விடவில்லை. தெரிந்த உண்மையும் ‘ஒருவேளை இருந்துவிட்டால்?’ என்ற எண்ணமும் குழந்தை மனதில் சண்டையின்றி ஒன்றாக இருக்கின்றன. படத்தில் போன்யோ பெண்குழந்தையாகிப் புயல் மழையில் ஓடிவந்து கட்டிப்பிடிக்கும்போது, சோசுகே ஒரு கணம்தான் திகைக்கிறான். ‘இவள் போன்யோதான்’ என்று உடனே அம்மாவிடம் சொல்கிறான். ஐந்து வயதை அருகிருந்து கவனித்தவர் எழுதிய காட்சி அது.

போன்யோ கரைக்கு வந்த விதத்தைப் பார்க்கலாம். இழுவைப்படகு ஒன்றின் வலை கடலடிச் சேற்றோடு குப்பையையும் வாரிக்கொண்டு வருகிறது. அந்தக் கலக்கலில் ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் அவள் தலை மாட்டிக்கொள்கிறது. சோசுகே புட்டியைக் கல்லால் உடைக்கும்போது அவன் விரலில் கண்ணாடி கீறிவிடுகிறது. அந்த ரத்தத்தை அவள் நக்குகிறாள். பிறகு அவன் பச்சை வாளியில் குழாய்நீர் பிடித்து அதில் அவளை விடுகிறான்.

நிஜக் கடல்மீன் என்றால் அந்த வாளியே அதற்கு ஆபத்தாகியிருக்கும். கடல்நீரில் கிலோவுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. எலும்புள்ள மீன்களின் உடல்நீரில் உள்ள உப்பு அதில் மூன்றில் ஒரு பங்களவுதான். சவ்வு ஒன்று குறுக்கே இருந்தால், உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் கசியும், இதுவே சவ்வூடுபரவல். அதனால் கடல்மீன் நீரின் நடுவில் இருந்துகொண்டே ஓயாமல் நீரை இழக்கிறது. இழந்ததை ஈடுகட்டக் கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே சேரும் உப்பைச் செவுள்களில் உள்ள தனிவகைச் செல்கள் வெளியே தள்ளுகின்றன. நன்னீர் மீனின் பாடு இதற்கு நேர்மாறு. தண்ணீர் தானாக உள்ளே கசிவதால் அது குடிப்பதே இல்லை எனலாம். நீர்த்த சிறுநீரை மிகுதியாகக் கழித்து உடல் உப்பைக் காப்பாற்றிக்கொள்கிறது. கடல்மீனைத் திடீரென்று நன்னீரில் விட்டால் அதன் உடல் தண்ணீரால் ஊறிப் போகும். குழாய்நீரில் குளோரினும் இருந்தால் செவுள் புண்ணாகும். போன்யோவைச் சோசுகே தங்கமீன் என்றுதான் நினைக்கிறான். தங்கமீனோ கெண்டை இனத்தைச் சேர்ந்த நன்னீர் மீன். இரண்டு நீரிலும் வாழத் தெரிந்த மீன்கள் சில உண்டு. ஆற்றில் வளர்ந்து கடலுக்குப் போய் முட்டையிடும் விலாங்கும், கழிமுகத்துக்கும் ஆற்றுக்கும் போய்வரும் கொடுவாயும் செவுளின் வேலையை உப்புக்கேற்ப மாற்றிக்கொள்ளும் திறன் பெற்றவை. அந்த மாற்றம் நொடியில் நடப்பதன்று.

மனித ரத்தத்தின் உப்புச் செறிவு ஏறத்தாழ 0.9 விழுக்காடு. கடலை விட்டு வந்து எத்தனையோ கோடி ஆண்டுகள் ஆன பிறகும் நிலவிலங்குகள் உப்புநீரை உடலுக்குள் சுமந்துகொண்டே திரிகின்றன. சோசுகேயின் ஒரு துளி ரத்தம் போன்யோவை மாற்றத் தொடங்குவது கதையின் கற்பனை. ஆனாலும் கடலின் மகளுக்கு அந்தத் துளியின் சுவை அன்னியமாக இருந்திருக்காது.

தந்தை அவளைப் பிடித்துக் கடலுக்குள் கொண்டுபோய்விடுகிறார். அங்கேதான் படத்தின் மையக் காட்சி வருகிறது. ‘எனக்குக் கை வேண்டும், கால் வேண்டும்’ என்று அவள் உடலை முறுக்குகிறாள். பக்கவாட்டில் சிறு மொட்டுகள் புடைத்துக் கிளம்புகின்றன. அவை நீண்டு, முனையில் கோழிக்கால் போல மூன்று விரல் பிரிகின்றன. தந்தை தன் மந்திரத்தால் அவற்றை உள்ளே அமுக்கப் பார்க்கிறார். அவை மறுபடி துருத்திக்கொண்டு வருகின்றன. பார்க்கும் குழந்தைகள் சிரிக்கும் இடம் இது. கருவியல் படித்தவர்கள் வியக்கும் இடமும் இதுவே.

மனிதக் கருவில் கை முளைப்பது கிட்டத்தட்ட இப்படித்தான். கரு உருவான நான்காவது வாரத்தில் விலாப்புறத்தில் ஒரு சிறு மொட்டு எழுகிறது. அடுத்து அதற்குக் கீழே கால் மொட்டு. மொட்டு நீண்டு, முனை தட்டையாகித் துடுப்புப் போல ஆகிறது. பிறகு அந்தத் துடுப்பில் விரல்களுக்கு இடைப்பட்ட செல்கள் திட்டமிட்டபடி மடிகின்றன. எட்டாவது வாரத்துக்குள் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. சிற்பி கல்லைச் செதுக்கி உருவத்தை எடுப்பது போல, வேண்டாததை நீக்கி விரலை எடுக்கிறது உடல். வாத்தின் காலில் அந்த மடிவு தடுக்கப்படுவதால் சவ்வு மிஞ்சுகிறது. கோழிக்கு அது மிஞ்சுவதில்லை.

எந்தப் பக்கம் கட்டைவிரல், எந்தப் பக்கம் சுண்டுவிரல் என்பதைத் தீர்மானிக்கும் மரபணுவுக்கு ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்று பெயர். 1990-களின் தொடக்கத்தில் அதைக் கண்டறிந்த அமெரிக்க ஆய்வுக்கூடம் வீடியோ கேம் ஒன்றின் நாயகன் பெயரை அதற்குச் சூட்டியது. சிறுபிள்ளைத்தனமான பெயர், செய்யும் வேலையோ மிகப் பெரியது. சுண்டுவிரல் பக்கத்தில் சுரக்கும் அந்தப் புரதம் மொட்டின் குறுக்கே பரவுகிறது. அதன் அளவையும் அது படும் நேரத்தையும் பொறுத்து ஒவ்வொரு விரலும் தன் அடையாளத்தைப் பெறுகிறது. இதே மரபணு மீனின் துடுப்பிலும் அதே வேலையைச் செய்கிறது. திருக்கை இனத்து மீன்களிலும் அப்படியே. விரல்களை உருவாக்கும் வேறொரு மரபணுக் குழுவை வரிக்குதிரை மீனில் செயலிழக்கச் செய்து 2016-இல் சிகாகோவில் ஆராய்ந்தார்கள். துடுப்பின் முனைக் கதிர்கள் உருவாகாமல் போயின. எலியில் அதே மரபணுக்களை நீக்கினால் விரல்கள் உருவாகா. காலுக்கான கருவிகள், கால் என்ற ஒன்று தோன்றுவதற்கு முன்பே மீனிடம் இருந்திருக்கின்றன. போன்யோ இல்லாத ஒன்றைக் கேட்கவில்லை. தன் உடலுக்குள் உறங்கிக்கொண்டிருந்ததைத்தான் எழுப்புகிறாள்.

ஒரு பிறவியிலேயே உடல் இப்படி மாறுவதும் இயற்கையில் உண்டு. தலைப்பிரட்டை தவளையாவதை ஊர்க்குளத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். வால் கரைகிறது, கால் முளைக்கிறது, செவுள் போய் நுரையீரல் வேலைக்கு வருகிறது. இதை இயக்குவது தைராய்டு சுரப்பி. 1912-இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டுத் திசுவைத் தின்னக் கொடுத்தார். அவை வளராமலே அவசரமாக உருமாறி, ஈயளவுத் தவளைகளாயின. மந்திரக் கஷாயம் என்று எதையாவது அழைக்கலாமென்றால் அதை அழைக்கலாம். மெக்சிகோவின் ஆக்சலாட்டல் தலைப்பிரட்டை உருவிலேயே, செவுளோடு நீரில் வாழ்ந்து இனப்பெருக்கம் செய்து முடித்துவிடும் உயிர். அதற்கும் தைராய்டு ஹார்மோன் கொடுத்தால் செவுளை உதிர்த்துவிட்டுத் தரையேறும். அந்த ஹார்மோனின் மூலப்பொருள் அயோடின். கடற்பாசிகள் அதைக் கடல்நீரிலிருந்து வடித்துத் தம் உடலில் சேர்த்து வைக்கின்றன. படத்தில் ஃபுஜிமோட்டோ கடலின் சாரத்தை வடித்து ஒரு கிணற்றில் சேமித்து வைக்கிறார். போன்யோ அந்தக் கிணற்றுக்குள் விழுந்துதான் முழு மனிதக் குழந்தையாகிறாள்.

கடல் சாரம் சிந்தியதும் அவளுடைய தங்கைகள் பெரும் மீன்களாகி, அலைகளாகவே எழுகிறார்கள். அவர்கள் முதுகின் மேல் போன்யோ கரையை நோக்கி ஓடிவருகிறாள். ஒவ்வொரு அலைக்கும் கண் உண்டு. ஆழ்கடலில் அலை போகும்போது தண்ணீர் அதோடு போவதில்லை என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. நீர்த்துளி ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு வட்டத்தில் சுழன்று பழைய இடத்துக்கே வருகிறது. முன்னே நகர்வது ஆற்றல் மட்டுமே. கரையருகே ஆழம் குறையும்போது வட்டங்கள் நசுங்குகின்றன. அலையின் அடி பின்தங்க, முகடு முந்திக்கொண்டு கவிழ்கிறது. அலை என்பது நீரினூடே ஓடும் ஏதோ ஒன்று என்று தோன்றுவது உண்மையும்கூட. மியாசாகி அந்த ‘ஏதோ ஒன்றுக்கு’ மீன் உருவம் கொடுத்துவிட்டார்.

அன்றிரவு லீசா குழந்தைகளுக்குக் கோப்பையில் நூடுல்ஸ் போட்டு வெந்நீர் ஊற்றி மூடிவைக்கிறாள். மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் மேலே பன்றித் தொடைக்கறித் துண்டுகள். போன்யோவுக்கு உலகத்திலேயே பிடித்தது அதுதான். கடலையே கவிழ்த்துவிட்டு வந்த குழந்தை சாப்பிட்டுக்கொண்டே தூங்கிப்போகிறாள். படத்தில் இதற்கு ஈடான மந்திரக் காட்சி வேறு இல்லை.

விடிந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தண்ணீருக்குள். லீசா முந்தின இரவே காப்பகத்தைத் தேடிப் போய்விட்டாள். அம்மாவைக் கண்டுபிடிக்கச் சோசுகேயின் பொம்மைப் படகைப் போன்யோ பெரிதாக்குகிறாள். திருவிழாக் கடைகளில் விற்குமே, திரி ஏற்றித் தண்ணீரில் விட்டால் படபடவென்று ஓடும் தகரப் படகு, அதே வகைதான். 1891-இல் பிரிட்டனில் தாமஸ் பியோ என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். சுடரின் சூட்டில் சிறு கொதிகலனுக்குள் இருக்கும் நீர் ஆவியாகி, குழாய்க்குள் உள்ள நீரைப் பின்புறம் பீய்ச்சித் தள்ளுகிறது. ஆவி குளிர்ந்து சுருங்க, குழாய் மறுபடி நீரை உறிஞ்சுகிறது. தள்ளுவதும் உறிஞ்சுவதும் சமம்தானே, படகு எப்படி முன்னே போகிறது என்று கேட்கலாம். வெளியே போகும் நீர் ஒரே திசையில் தாரையாகப் பாய்கிறது. உள்ளே வரும் நீரோ சுற்றுப்புறம் எங்கிலுமிருந்து திரண்டு வருகிறது. அந்த வேறுபாடுதான் படகை ஓட்டுகிறது. வாயால் ஊதினால் சற்றுத் தள்ளியிருக்கும் விளக்கு அணைந்துவிடும். எவ்வளவு உறிஞ்சினாலும் அது அணையாது. இரண்டும் ஒரே கதை.

படகைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது என்பதும் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. நீளம் பத்து மடங்கானால் பரப்பு நூறு மடங்காகும், எடை ஆயிரம் மடங்காகும். சூடேறும் பரப்பு எடையோடு சேர்ந்து வளர்வதில்லை. பழைய சிறு மெழுகுவர்த்தியால் புதிய படகு அசையாது. ஆகவே மெழுகுவர்த்தியையும் போன்யோ பெரிதாக்க வேண்டியிருக்கிறது. மெழுகு உருகித் தீரத் தீர அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. ஆற்றல் சும்மா கிடைக்காது என்பதை ஒரு குழந்தையின் கொட்டாவியால் சொல்லிவிடுகிறது படம்.

அந்தப் படகுக்கு அடியில், மூழ்கிய தார்ச்சாலையின் மேல், பழங்கால மீன்கள் நீந்துகின்றன. நிஜ வெள்ளம் சேறும் குப்பையுமாகக் கலங்கிக் கிடக்கும். இந்த வெள்ளம் கண்ணாடி போலத் தெளிந்திருக்கிறது. சோசுகே அந்த மீன்களைப் பெயர் சொல்லி அழைக்கிறான். டெவோனியன் காலத்து உயிர்கள் என்றும் சொல்கிறான். இன்றைக்கு 41.9 கோடி முதல் 35.9 கோடி ஆண்டுகள் முன்பு வரை நீடித்த அந்தக் காலத்தைப் புவியியலாளர்கள் மீன்களின் காலம் என்பார்கள். அவன் சொல்லும் பெயர்களில் ஒன்று போத்ரியோலெபிஸ். தலையும் மார்பும் எலும்புக் கவசத்துக்குள் அடங்கிய மீன் அது. முன் துடுப்புகள்கூட நண்டுக்கால் போல மூட்டுடைய கவசக் குழாய்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தன. அண்டார்டிகா உட்பட எல்லாக் கண்டங்களிலும் அவற்றின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. இன்னொன்று டிப்னோரிங்கஸ், நுரையீரல் மீன்களின் மூத்த உறவு.

கால் முளைத்ததும் அதே டெவோனியனில்தான். 2004-இல் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் தொல்லுயிரியலாளர் நீல் ஷூபின் குழுவினர் ஒரு மீனின் புதைபடிவத்தைக் கண்டெடுத்தார்கள். 2006-இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். அதன் பெயர் டிக்டாலிக்; வயது சுமார் 37.5 கோடி ஆண்டுகள். செதிலும் துடுப்பும் உள்ள மீன்தான். ஆனால் தலை முதலையினுடையது போலத் தட்டை. மீன்களுக்கு இல்லாத கழுத்து அதற்கு இருந்தது. துடுப்புக்குள் மேற்கையில் ஓர் எலும்பு, முன்கையில் இரண்டு, அதற்கப்பால் மணிக்கட்டு போல வளையும் சிறு எலும்புகள். கையூன்றி உடலை நிமிர்த்தப் போதுமான அமைப்பு. அதற்குச் சற்றுப் பின்வந்த அகாந்தோஸ்டெகாவுக்குக் கையில் எட்டு விரல்கள் இருந்தன. ஐந்து விரல் என்பது பிறகு நிலைபெற்ற ஏற்பாடு. மீனுக்கும் நிலவிலங்குக்கும் நடுவே அரைகுறை உடல்கள் இருந்தே தீர வேண்டும் என்று பரிணாமவியல் சொல்லிவந்தது; பாறை அதைக் கொடுத்தது. போன்யோவின் தவளை முகமும் மூன்று விரலும் அந்த இடைநிலைக்குக் குழந்தைகளின் மொழியில் வைத்த பெயர்.

படத்தில் நிலவு பெரிதாகிக்கொண்டே வருகிறது. கடல் குன்று போல உயர்ந்து அதை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. ஓதத்தை எழுப்பும் விசை தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். நிலவு இன்று சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அது பாதித் தொலைவுக்கு வந்தால் அந்த விசை எட்டு மடங்காகும். கால்பங்குத் தொலைவுக்கு வந்தால் 64 மடங்கு. படத்தில் காட்டும் அளவுக்கு நெருங்கினால் ஊர் மட்டும் மூழ்காது, கண்டங்களின் கரையோரங்களே கழுவப்படும். உண்மையில் நிலவு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. 1969-இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான் மீது லேசர் பாய்ச்சி அளந்ததில், ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் விலகுவது தெரிகிறது. ஓத நீர் பூமியின் சுழற்சியோடு உராய்வதால் பூமி மெல்ல வேகம் குறைகிறது. அந்தச் சுழற்சி உந்தம் நிலவுக்குப் போய் அதை வெளியே தள்ளுகிறது.

அப்படியானால் முற்காலத்தில் நிலவு அருகில் இருந்திருக்க வேண்டும், நாளும் குறுகியிருக்க வேண்டும். இதற்குச் சான்று பவளத்தில் கிடைத்தது. மரத்தின் வளையம் போலப் பவளத்தின் மேல்தோலில் நாளுக்கொரு மெல்லிய வரி படியும். அவை ஆண்டுக்கொரு பட்டையாகத் திரளும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் வெல்ஸ், டெவோனியன் காலப் பவளப் புதைபடிவங்களை உருப்பெருக்கியில் வைத்து வரிகளை எண்ணினார். 1963-இல் அவர் வெளியிட்ட முடிவு: ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 400 வரிகள். ஆண்டின் நீளம் மாறவில்லை. ஆகவே அன்றைய ஒரு நாள் சுமார் 22 மணி நேரம்தான். நிலவு இன்றைவிடப் பல ஆயிரம் கிலோமீட்டர் அருகில் இருந்தது. ஓதமும் சற்று வலுவாகவே ஏறியிறங்கியிருக்கும். வலுத்த ஓதம் வற்றும்போது கரையோரக் குட்டைகளில் மீன்கள் சிக்கின. குட்டைவிட்டுக் குட்டைக்குத் தவழத் தெரிந்தவை பிழைத்தன. கால் தோன்ற அதுவும் ஒரு காரணம் ஆகலாம் என்று வானியலாளர் சிலர் கருதுகிறார்கள். அது இன்னும் நிறுவப்படாத கருத்து. ஆனால் நெருங்கிய நிலவும் டெவோனியன் மீன்களும் காலுக்கு ஏங்கும் ஒரு மீனும் ஒரே படத்தில் வந்து சேர்ந்திருப்பது, இவை மூன்றும் ஒரே காலத்தைச் சேர்ந்தவை என்ற உண்மையோடு அப்படியே பொருந்துகிறது.

இந்தக் கடல் முழுவதும் பென்சிலால் வரையப்பட்டது. கணினி அனிமேஷன் கோலோச்சிய 2008-இல், அலைக்கும் நீருக்கும்கூடக் கணினி உருவங்களை நாடாமல், கலைஞர்கள் தாளில் வரைந்தார்கள். கணினி வண்ணம் தீட்டவும் படங்களை ஒருங்கிணைக்கவும் மட்டும் உதவியது. மொத்தம் 1,70,000-க்கும் மேற்பட்ட படங்கள். நொடிக்கு 24 சட்டகம் என்றால் 101 நிமிடத்துக்கு 1,45,440 சட்டகங்கள். சட்டகங்களின் எண்ணிக்கையைவிட வரைந்த படங்களின் எண்ணிக்கை மிகுந்திருப்பதற்குக் காரணம், ஒரே சட்டகத்தில் குழந்தை ஒரு தாளிலும் அலை இன்னொன்றிலும் மீன்கூட்டம் மற்றொன்றிலுமாக அடுக்கப்படுவது. அசையாத படங்களை விட்டுவிட்டுக் காட்டினால் மூளை அசைவைக் காண்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912-இல் ஆராய்ந்து எழுதினார். கண்ணில் பிம்பம் தங்குவதால் மட்டும் வருவதன்று அது. இடைப்பட்ட பாதையை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. இல்லாத அசைவைப் பார்ப்பவரே உண்டாக்கிக்கொள்கிறார்.

இறுதியில் கிரான்மமாரே ஒரு நிபந்தனை வைக்கிறாள். மனிதக் குழந்தையாக நிலைக்க வேண்டுமானால் போன்யோ மந்திரத்தை விட்டுவிட வேண்டும். அவள் மீனாயிருந்தவள் என்று தெரிந்தும் சோசுகே ஏற்க வேண்டும். மீன் போன்யோவையும், பாதி மீன் பாதி மனுஷியான போன்யோவையும், மனிதப் போன்யோவையும் தனக்குப் பிடிக்கும் என்கிறான் அவன். ஐந்து வயதுப் பிள்ளை வரிசை தவறாமல் சொன்ன அந்த மூன்று உருவங்களும் மனித உடலுக்குள்ளேயே இருக்கின்றன. மீனில் தாடையாகவும் செவுளைத் தாங்கும் வளைவுகளாகவும் வளர்பவை மனிதக் கருவில் தாடையாகவும் நடுச்செவியின் நுண்ணெலும்புகளாகவும் தொண்டையாகவும் ஆகின்றன. மேற்கையின் ஓர் எலும்பும் முன்கையின் இரண்டு எலும்புகளும் டெவோனியன் துடுப்பிலிருந்து வந்தவை.

போத்ரியோலெபிஸ் உள்ளிட்ட கவச மீன்கள் எல்லாம் டெவோனியன் முடிவோடு அழிந்துவிட்டன. டிப்னோரிங்கஸின் உறவினர்களில் ஆறு இனங்கள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. ஆப்பிரிக்காவில் நான்கு, தென் அமெரிக்காவில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் ஒன்று. உயிரோடிருக்கும் மீன்களில் நிலவிலங்குகளுக்கு மிக நெருங்கிய சொந்தம் இவைதான் என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. குயின்ஸ்லாந்தின் மேரி ஆற்றிலும் பர்னெட் ஆற்றிலும் வாழும் ஆஸ்திரேலிய நுரையீரல் மீன், செவுளுக்குக் காற்று போதாதபோது நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து மூச்சிழுத்துவிட்டு மறுபடி உள்ளே போகிறது.